பேருந்துக் கம்பியைப் பிடித்த கையில் மணி என்ன?

2025 மார்ச் தொடக்கத்தில், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வின் முதல் நாளன்று, அறைக் கண்காணிப்பாளராக நான் அனுப்பப்பட்டிருந்த பள்ளியில், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதும் எங்கள் கைப்பேசிகளை வாங்கி உறையில் போட்டு வைத்தார்கள். அது வழக்கம்தான். ஆனால் துறை அலுவலர் என் இடது மணிக்கட்டில் இருந்த ஸ்மார்ட் வாட்சையும் பார்த்துவிட்டு, "சார், அதுவும் போன் மாதிரிதானே, கழற்றிக் கொடுத்துடுங்க" என்றார். அவர் சொன்னதில் தவறு ஒன்றுமில்லை. அழைப்பு வந்தால் அதிர்ந்து, செய்தி வந்தால் எழுத்தில் காட்டும் ஒரு பொருளைக் கட்டிக்கொண்டு தேர்வறைக்குள் நிற்பது முறையாகாது. கழற்றிக் கொடுத்துவிட்டு அறைக்குப் போன பிறகுதான், அந்த அறையில் சுவர்க் கடிகாரம் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது.

பத்து மணிக்கு வினாத்தாள் கொடுக்க வேண்டும். படித்துப் பார்க்கப் பத்து நிமிடம், விடைத்தாளின் முகப்பு விவரங்களைச் சரிபார்க்க ஐந்து நிமிடம். பத்தேகாலுக்கு எழுதத் தொடங்கி ஒன்றேகாலுக்கு முடிக்க வேண்டும். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் பள்ளி மணி அடிக்கும், இடையிலும் மணிக்கு ஒருமுறை அடிக்கும். ஆனால் பிள்ளைகள் மணியோசைக்காகக் காத்திருப்பதில்லை. ஒரு பெரிய வினாவை முடித்ததும் நிமிர்ந்து கண்காணிப்பாளரின் கையைத்தான் பார்க்கிறார்கள். அன்று என் கை வெறுங்கை. ஆறேழு ஆண்டுகளாகத் திரையைத் தொட்டு மணி பார்த்துப் பழகிய நான், மூன்று மணி நேரமும் சன்னல் வழியாக வேப்பமர நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இயற்பியல் ஆசிரியருக்கு அது அவமானமில்லை என்றாலும், பின்வரிசைப் பையன் ஒருவன், "சார், இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?" என்று கேட்டபோது, பக்கத்து அறைக்குப் போய்க் கேட்டு வந்து சொன்னது எனக்கே சங்கடமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்து எச்.எம்.டி. ஜனதாவைத் தேடி எடுத்தேன். 1984-இல் நான் பன்னிரண்டாம் வகுப்பு தேறியபோது, நெய்வேலியில் வேலை பார்த்த தாய்மாமன் வாங்கிக் கட்டிவிட்டது. வெள்ளை டயல், நீல விநாடி முள், பதினேழு கல் வைத்த மெஷின். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் கையில் வாட்ச் ஏறுவது மீசை முளைப்பதற்கு நிகரான ஒரு சங்கதி. பையன் கல்லூரிக்குப் போகிறான் என்பதை ஊருக்குச் சொல்வது சட்டைக்கை மடிப்புக்குக் கீழே தெரியும் அந்த வட்டம்தான். எச்.எம்.டி. வாட்ச் வாங்கச் சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டியிருந்தது என்று சொன்னால் என் மகள் நம்புவதில்லை. பொதுத்துறை நிறுவனமான எச்.எம்.டி., ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தைப் பெற்று, 1961-இல் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. 2016 ஜனவரியில் அந்தக் கடிகாரப் பிரிவை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. வேடிக்கை என்னவென்றால், மாமா எனக்கு ஜனதா வாங்கித் தந்த அதே 1984-இல்தான், டாடா குழுமமும் நம் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கின. ஓசூரில் அந்த ஆலை எழும்பி, செல்லில் ஓடும் குவார்ட்ஸ் வாட்சுகள் கடைக்கு வந்த பிறகு, சாவி கொடுக்கும் வாட்ச் கட்டியிருப்பவன் பழைய ஆள் என்றாகிவிட்டது. நானும் 1994-இல் கல்யாணத்துக்கு மைத்துனர் போட்ட தங்க நிற டைட்டனுக்கு மாறினேன். பிறகு கைப்பேசி வந்தது. அந்த டைட்டனும் செல் தீர்ந்து நின்றது நின்றதுதான்.

ஜனதாவுக்குச் சாவி கொடுத்துப் பார்த்தேன். இரண்டு மணி நேரம் ஓடி நின்றுவிட்டது. அடுத்த தேர்வுக்கு இரண்டு நாள் இடைவெளி இருந்ததால், எங்கள் கடலூரின் முதுநகர் மணிக்கூண்டுப் பக்கம் ஒரு மாடிப்படிக்கு அடியில் கடை வைத்திருக்கும் பாயிடம் கொண்டுபோனேன். நாலு அடிக்கு மூன்று அடி இருக்கும் கடை. ஆள் உட்கார்ந்தால் கதவு போட முடியாது. கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு, கத்தி முனையால் பின்மூடியை நெம்பித் திறந்து, ஒரு நொடி பார்த்துவிட்டு, "உப்புக் காத்து சார். நம்ம ஊர்ல எந்த வாட்சைத் தொறந்தாலும் மொதல்ல இந்தத் தண்டுதான் துருப்பிடிச்சிருக்கும்" என்றார். சாவித் திருகிலிருந்து உள்ளே போகும் மெல்லிய தண்டு பழுப்பேறியிருந்தது. சக்கரங்களின் முனையில் இருந்த எண்ணெய் காய்ந்து பசையாகிவிட்டிருந்தது. அதுதான் நின்றுபோனதற்குக் காரணம். சாமணத்தால் ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கி, வெள்ளைப் பெட்ரோல் ஊற்றிய கிண்ணத்தில் போட்டு, காய வைத்து, கவிழ்த்த கண்ணாடித் தம்ளருக்கு அடியில் வரிசையாக அடுக்கினார். ஊசி முனையில் எடுத்த எண்ணெயை அந்தச் செந்நிறக் கற்களின் குழிகளில் வைத்ததைப் பார்த்தபோதுதான், இத்தனை ஆண்டுகளாக வகுப்பில் "பதினேழு கல் என்பது அலங்காரமல்ல, உராய்வைக் குறைக்கச் செயற்கை மாணிக்கத்தால் செய்த தாங்கிகள்" என்று சொல்லிக்கொண்டிருந்த நான், அவற்றில் ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை என்பது உறைத்தது. எல்லாவற்றையும் பூட்டி, சமநிலைச் சக்கரத்தை இருக்கையில் வைத்து, ரப்பர் ஊதியால் மெல்ல ஒரு காற்று விட்டார். சக்கரம் இப்படியும் அப்படியும் ஆடத் தொடங்கியது. தண்டு மட்டும் வேறு ஒரு செத்த வாட்சிலிருந்து எடுத்துப் போட்டார். 450 ரூபாய். இரண்டாம் தேர்விலிருந்து என் கையில் ஜனதாதான் இருந்தது. துறை அலுவலரும் அதைக் கழற்றச் சொல்லவில்லை.

இதுவரை சொன்னதை வைத்து, பழையதே நல்லது என்று பாடப்போகிறேன் என நினைக்க வேண்டாம். எனக்கு இந்த விஷயம் பிடிபட்டது தேர்வறையில் அல்ல, பேருந்தில்.

திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தில் ஏறி, கெடிலத்தைத் தாண்டி, மஞ்சக்குப்பம், ஆல்பேட்டை, பெண்ணையாற்றுப் பாலம் என்று புதுச்சேரி சாலையில் இருக்கும் என் பள்ளிக்கு நான் பெரும்பாலும் நின்றுகொண்டுதான் போகிறேன். ஒரு கையில் பை. மறு கை மேலே கம்பியில். ஸ்மார்ட் வாட்ச் கட்டியிருந்த நாட்களில் என் மணிக்கட்டு கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் மணி தெரியாது. திரை கறுப்பாக இருக்கும். மணிக்கட்டைத் திருப்பி முகத்தருகே கொண்டுவரும் அசைவை உள்ளே இருக்கும் முடுக்கமானி உணர்ந்தால்தான் அந்தத் திரை விழிக்கும். கம்பியைப் பிடித்த கை ஏற்கெனவே மேலே இருக்கிறது, அது இனி எங்கே திரும்புவது? பையைக் கால்களுக்கிடையே வைத்துவிட்டு மறு கையால் திரையைத் தட்ட வேண்டும், அல்லது கம்பியை விட்டுவிட்டுக் கையை ஒரு உதறு உதற வேண்டும். பெண்ணையாற்றுப் பாலத்தின் இணைப்புகளில் பேருந்து குதிக்கும்போது கம்பியை விட்டவர்களுக்கு என்ன ஆகும் என்பது அந்த வழியில் போகிறவர்களுக்குத் தெரியும். ஜனதாவைக் கட்டிக்கொண்டு ஏறிய முதல் நாள், கம்பியைப் பிடித்தபடி சும்மா கண்ணை உயர்த்தினேன், எட்டே முக்கால். அவ்வளவுதான் விஷயம் என்றாலும், கைக்கடிகாரம் எதற்காகக் கைக்கு வந்தது என்பதே எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது.

நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்புவரை ஆண்களின் கடிகாரம் சட்டைப் பையில் சங்கிலியோடு கிடந்தது. மணி பார்க்க வேண்டுமென்றால் ஒரு கையை விடுவித்து, பைக்குள் விட்டு, வெளியே எடுத்து, சிலவற்றில் மூடியையும் திறக்க வேண்டும். பிரேசில் நாட்டு வானோடி சான்டோஸ் துமோனால் தன் வான்கப்பலின் விசைகளை விட்டுக் கையை எடுக்க முடியாததால், 1904-இல் பாரிஸ் நகை வணிகர் லூயி கார்த்தியே அவருக்காக மணிக்கட்டில் கட்டும் கடிகாரம் ஒன்றைச் செய்து கொடுத்தார். பத்தாண்டு கழித்து முதல் உலகப்போரில், பதுங்குகுழியில் துப்பாக்கி பிடித்த சிப்பாய்களுக்கும் அதே தேவை வந்தது. போர் முடிந்து ஊர் திரும்பியவர்களின் கைகளில் அது ஊருக்குள்ளும் வந்து சேர்ந்தது. அதுவரை பெண்களின் அணிகலனாகக் கருதப்பட்டதை ஆண்கள் கட்டியது அப்படித்தான். ஆக, இரண்டு கைக்கும் வேலை இருப்பவருக்காக வந்த பொருள் இது. அதே கண்ணால் பார்த்தால் கைப்பேசி என்பது நூறாண்டு பின்னால் போன சட்டைப்பைக் கடிகாரம். எடுக்க வேண்டும், பொத்தானை அழுத்த வேண்டும்; எடுத்த பிறகு மணியைப் பார்க்க மறந்து வேறு எதையோ பார்த்துவிட்டுத் திரும்பப் பைக்குள் வைக்க வேண்டும்.

எங்கள் பேருந்தின் நடத்துனர் இதற்கு உயிருள்ள சான்று. இடது கையில் டிக்கெட்டும் விரலிடுக்கில் மடித்த நோட்டுகளும், வலது கையில் சில்லறை. அவர் வாட்சை மணிக்கட்டின் உட்புறமாகக் கட்டியிருப்பார். டிக்கெட் கிழிக்கும்போது உள்ளங்கை தன் முகத்தைப் பார்த்துத்தானே இருக்கும். அப்போதே மணியும் தெரிந்துவிடும். தனியார் பேருந்துகளுக்குள் நிமிடக் கணக்கில் தகராறு நடக்கும் இந்தத் தடத்தில், டைம் கீப்பரிடம் "ரெண்டு நிமிஷம் முன்னாடியே எடுத்துட்டான்" என்று சண்டை போடும்போதும் அவர் அதே உட்கையைத்தான் திருப்பிக் காட்டுவார். முன்பெல்லாம் நம் வீட்டுப் பெண்களும் ஆசிரியைகளும் இப்படி உட்புறமாகக் கட்டுவார்கள். கண்ணாடி கீறாமல் இருக்க என்று அம்மா சொல்வார். பாத்திரமும் குழந்தையும் தூக்கும் கைக்கு அதுவே வசதி என்பதும் சேர்ந்திருக்க வேண்டும்.

என் தங்கை முப்பது ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். நாடி பார்க்க ஒரு கையால் நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் இருக்கும் விநாடி முள்ளைப் பார்த்து எண்ண வேண்டும். டிஜிட்டல் வாட்சில் விநாடி இன்னும் தெளிவாகத்தானே தெரியும் என்று ஒருமுறை கேட்டேன். அவள் சொன்ன பதிலை நான் எந்தப் பாடநூலிலும் படித்ததில்லை. நாடியை மனத்துக்குள் இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று எண்ணிக்கொண்டிருக்கும்போது, கண்ணெதிரே முப்பத்தேழு, முப்பத்தெட்டு என்று வேறு எண்கள் மாறிக்கொண்டிருந்தால் கணக்கு தவறிவிடும். முள் என்றால் அது பேசாது. பன்னிரண்டில் தொடங்கி ஆறுக்கு வந்தால் அரை நிமிடம், எண்ணை இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டியதுதான். "எண்ணும்போது எனக்கு எண் காட்டாத கடிகாரம் வேணும் அண்ணா" என்றாள்.

முள்ளுக்கும் எண்ணுக்கும் இடையே இருக்கும் இந்த வேறுபாட்டை நான் வகுப்பில் வேறு விதமாகப் பார்க்கிறேன். நாம் மணி சொல்லும் தமிழே டயலைப் பார்த்துச் சொல்லும் தமிழ். ஏழேகால், ஏழரை, ஏழே முக்கால். கால் என்றால் வட்டத்தில் கால் பங்கு, அரை என்றால் பாதி. பஞ்சாங்கத்து ராகு காலம்கூட ஒன்றரை மணி நேரத் துண்டாகத்தான் வருகிறது. திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது என்று சொல்லும்போது மனத்தில் வருவது முள் நகரும் ஒரு பரப்பே தவிர 7.30 என்ற எண் அல்ல. என் வகுப்புப் பிள்ளைகள் பலர் இப்போது "ஏழு நாற்பத்தஞ்சு" என்கிறார்கள். அதில் பிழை இல்லை. ஆனால் ஏழே முக்கால் என்பவனுக்கு எட்டுக்கு இன்னும் கால் மணி இருப்பது சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது. ஏழு நாற்பத்தைந்து என்பவன் அறுபதிலிருந்து நாற்பத்தைந்தைக் கழிக்க வேண்டும். தேர்வறையில் நிமிர்ந்து பார்க்கும் பிள்ளைக்கு மணி என்ன என்பது தேவையே இல்லை, எவ்வளவு மிச்சம் என்பதுதான் தேவை. இரண்டாம் தேர்வன்று பின்வரிசைப் பையன் மறுபடி நேரம் கேட்டபோது, வாய் திறக்காமல் அவன் மேசையருகே போய் ஜனதாவைத் திருப்பிக் காட்டினேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு, வரைபட வினாவை விட்டு அடுத்ததற்குத் தாவினான். நீட் தேர்வுக்குப் போகும் பிள்ளைகளுக்கு இந்த வாய்ப்பும் கிடையாது. அங்கே எந்த வகைக் கைக்கடிகாரமும் அனுமதியில்லை, அறையில் மாட்டியிருக்கும் கடிகாரம்தான்.

துல்லியம் என்று வந்தால் ஜனதாவுக்கு வாதாட நான் வரமாட்டேன். அதன் சமநிலைச் சக்கரம் மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது விநாடிக்கு ஐந்து. குவார்ட்ஸ் கடிகாரத்தில் இசைக்கவை வடிவில் வெட்டிய படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இந்த எண் எங்கிருந்து வந்தது என்று மாணவர்கள் கேட்பார்கள். இரண்டைப் பதினைந்து முறை பெருக்கினால் வரும் எண் அது, ஆகவே மின்சுற்று அதைப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக விநாடிக்கு ஒன்று என்று முள் நகரும். 1969 டிசம்பரில் செய்கோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு, சாதாரண வாட்சும் மாதத்துக்குக் கால் நிமிடத்துக்கு மேல் பெரிதாகத் தவறுவதில்லை. ஸ்மார்ட் வாட்சுக்குள் நேரம் காப்பதும் அதே வகைப் படிகம்தான். கூடுதலாக அது கைப்பேசியிடம் அவ்வப்போது கேட்டுத் திருத்திக்கொள்கிறது. என் ஜனதாவோ நாளுக்கு ஒரு நிமிடம் பின்தங்குகிறது. 1440-இல் ஒன்று என்று சொல்லிக்கொண்டால் அவ்வளவு கெடுதலாகத் தெரிவதில்லை. தவிர, நாம் கையில் கட்டியிருக்கும் இந்திய நேரம் 82.5 பாகைக் கிழக்கு நெடுவரைக்கு உரியது. கடலூர் அதற்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் பாகை மேற்கே இருப்பதால், சராசரிக் கணக்கில் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணி பதினோரு நிமிடத்துக்குத்தான். ஊரே பதினோரு நிமிடம் ஒப்புக்கொண்டு வாழ்கிறது. ஒரு நிமிடத்துக்கு நான் ஏன் வாட்சைக் குறை சொல்ல வேண்டும்?

இனி மறுபக்கத்துக்கு வருகிறேன். ஸ்மார்ட் வாட்ச் எனக்கு நல்லதும் செய்தது. இரு சக்கர வண்டியில் போகும்போது பைக்குள் கிடக்கும் கைப்பேசியின் அழைப்பை மணிக்கட்டில் ஒரு அதிர்வாகச் சொன்னது. அழைப்பது யார் என்று பார்த்து, ஓரம் கட்டலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க முடிந்தது. இது இரண்டு கைக்கும் வேலை உள்ளவருக்கான உதவிதான், மறுக்கவில்லை. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று மருத்துவர் சொன்ன பிறகு, மாலையில் சில்வர் பீச்சில் நான் நடக்கத் தொடங்கியதற்கு அதில் ஏறிய அடிக்கணக்கும் ஒரு காரணம். மனிதனுக்கு இருக்கும் கணக்குப்பிள்ளைப் புத்தி, 7,800-இல் நின்றால் வீட்டு வாசலில் இருந்து திரும்பவும் தெருக்கோடிவரை போக வைக்கும். அந்தக் கணக்கு எல்லாமே நடையல்ல என்பதும் தெரியும். குண்டும் குழியுமான சாலையில் வண்டி ஓட்டிய நாளில், முடுக்கமானி அந்தக் குலுக்கலையும் அடிகளாகச் சேர்த்துக்கொண்டுவிடும்.

நாடித்துடிப்புக்கு அது பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சுகிறது. இரத்தம் பச்சையை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் மணிக்கட்டில் இரத்தம் கூடிக் குறைவதால் திரும்பி வரும் ஒளியும் குறைந்து கூடுகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணிச் சொல்கிறது. வார் தளர்ந்தாலும், கை வேகமாக ஆடினாலும் கணக்கு தடுமாறும். விலை உயர்ந்தவை இதில் நன்றாகவே வேலை செய்கின்றன. 2018-இல் இருந்து சில மாடல்களில் இதய மின்வரைவும் (ஈ.சி.ஜி.) எடுக்க முடிகிறது. ஆனால் ஆயிரம் ரூபாய்க்குக் கிடைப்பதெல்லாம் மருத்துவக் கருவி என்று நம்பிவிடக் கூடாது. தங்கை மகன் வாங்கிய ஒரு மலிவான வாட்சைச் சமையலறையில் இருந்த வாழைக்காயில் கட்டிப் பார்த்தோம். பச்சை விளக்கு எரிந்தது, கொஞ்சம் யோசித்தது, எழுபத்துச் சொச்சம் என்று நாடி காட்டியது. அன்று மதியம் அந்த வாழைக்காயை வறுவல் செய்யத் தங்கைக்கு மனம் வரவில்லை என்று சொல்லிச் சிரித்தாள். செய்தாள் என்பது வேறு.

மின்சாரம் என்றொரு சங்கதியும் இருக்கிறது. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் எங்களுக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, பல நாட்கள் மின்சாரம் இல்லை; கைப்பேசிகள் எல்லாம் செத்துக் கிடந்தன; அப்போது தெருவில் மணி தெரிந்த வீடு, சுவரில் சாவி கொடுக்கும் கடிகாரம் வைத்திருந்த எதிர்வீட்டுப் பெரியவரின் வீடு ஒன்றுதான். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, அடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வெள்ளமும் வந்தபோது, என் ஸ்மார்ட் வாட்ச் இரண்டாம் நாளே அணைந்தது. அடுத்த கோடையில் அது முழுதாகவே படுத்தது. காலை சார்ஜ் போட்டால் மதியம் அணையும். வாங்கி இரண்டு ஆண்டு ஆகவில்லை. பழுதுநீக்கும் மையத்தில் மின்கலம் மட்டும் மாற்ற வழியில்லை, புதியது வாங்கினால் கொஞ்சம் தள்ளுபடி தருகிறோம் என்றார்கள். பாயிடம் கொண்டுபோனேன். லென்ஸைச் செருகிக்கொண்டு நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பசை போட்டு ஒட்டிய கண்ணாடி, நெம்ப ஒரு விளிம்புகூட இல்லை. "தொறக்கறதுக்கு எடமே வெக்கல சார்" என்று மேசைமேல் மெல்ல வைத்தார். நாற்பது ஆண்டு பழசைப் பிரித்துப் பூட்டிய அதே கை. இந்த ஒன்றில் எனக்கு உண்மையாகவே கோபம். ஒன்றே முக்கால் ஆண்டு உழைத்த மின்கலத்துக்காக மீதி எல்லாவற்றையும் தூக்கி எறியச் சொல்வது வியாபாரமாக இருக்கலாம், நியாயமாகாது.

சரி, யார்தான் இன்னும் வாட்ச் கட்டுகிறார்கள்? ஒருநாள் காலை பேருந்தில் கம்பியைப் பிடித்திருந்த கைகளை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். வெறுங்கைகளே அதிகம்; அவற்றில் கோவில் கயிறும் ரப்பர் வளையமும் இருந்தன. அடுத்தபடி கறுப்புத் திரைகள், பெரும்பாலும் சிப்காட் வேலைக்கும் கல்லூரிக்கும் போகிற இளைஞர்கள். முள் வைத்தவை மூன்று. நடத்துனருடையதைச் சேர்த்தால் நான்கு. கைப்பேசி வந்தபோது காலியான மணிக்கட்டுக்குத் திரும்பவும் ஒரு பொருளைக் கட்டும் பழக்கத்தைக் கொண்டுவந்தது ஸ்மார்ட் வாட்ச்தான் என்பது என் எண்ணம். ஆகவே அதைப் பழைய வாட்சின் எதிரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதிரி பைக்குள் இருந்தது. இந்தியாவில் 2024-இல் ஸ்மார்ட் வாட்ச் விற்பனை முந்தைய ஆண்டைவிடக் குறைந்தது. சார்ஜ் போட்டு அலுத்தவர்களில் சிலர், 1989-இல் வந்து இன்னமும் விற்கும் கேசியோ எஃப்-91டபிள்யூ போன்ற சின்னப் பிளாஸ்டிக் வாட்சுக்குப் போகிறார்கள். ஏழாண்டு செல் மாற்ற வேண்டாம் என்பது அதன் விளம்பரமே. இன்னும் சிலர் எச்.எம்.டி. தேடி அலைகிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை: இணையத்தில் நீலம், பச்சை, ஆரஞ்சு டயலோடு புத்தம் புதிதாகப் பளபளக்கும் "பழைய" ஜனதாக்கள் பலவும், நாலைந்து செத்த வாட்சுகளின் உறுப்புகளைச் சேர்த்து, டயலுக்குப் புது வண்ணம் அடித்தவை. புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கிடைப்பவற்றையும் பின்மூடியைத் திறந்து பார்க்காமல் வாங்காதீர்கள். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு வாட்ச் போடுவது மட்டும் குறையவில்லை; போன மாதம் போன கல்யாணத்தில் மைத்துனன் கட்டியது முள் வைத்த வாட்ச்தான், மாப்பிள்ளை முதலில் கழற்றிப் பைக்குள் போட்டது இரவெல்லாம் மினுங்கிக்கொண்டிருந்த இன்னொன்று.

என் கையில் இப்போது ஜனதா. தினமும் காலை பல் துலக்கியதும் சாவி கொடுக்கிறேன். நடத்துனர் உட்கையைத் திருப்பி, "ரெண்டு நிமிஷம் ஸ்லோ சார்" என்று சொல்லும் நாட்களில் பேருந்திலேயே முள்ளைத் திருத்திவிடுகிறேன். என் அடிக்கணக்கைத் தன் கைப்பேசியிலும் பார்த்துவந்த மகள் போன வாரம் அழைத்து, "அப்பா, ரெண்டு மாசமா நடக்கவே இல்லையா? எனக்கு ஒண்ணுமே காட்டலையே" என்று கேட்டாள். தினமும் பீச்சுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன் என்றேன். நம்பவில்லை. அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி உறுதி செய்துகொண்ட பிறகு, அடுத்த பிறந்தநாளுக்கு வேறு ஒன்று வாங்கி அனுப்புவதாகச் சொன்னாள். வேண்டாம் என்று சொல்ல மனமில்லை. திரை அணையாமல் எப்போதும் மணி காட்டும் மாடலாகப் பார் என்று மட்டும் சொன்னேன். "அதுக்கு தினமும் சார்ஜ் போடணும்ப்பா, பரவாயில்லையா?" என்றாள்.